பட்டியலில் யாரும் இல்லை

அலுவலகத்தில் அவளுக்குத் துபாஷி, அதாவது நடுவில் நின்று மொழிபெயர்ப்பவள், என்று பெயர். வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். பதிலுக்கு அவருக்குக் கிடங்குக்காரர் என்று அவள் பெயர் வைத்தாள், இரண்டுமே நிலைத்துவிட்டன. சர்வர்களையும் அவற்றுக்குள் இருக்கும் தரவுத்தளங்களையும் கட்டிக் காப்பது அவர் வேலை. அந்தத் தரவுத்தளங்களோடு மற்றவர்கள் பேச வழி செய்வது அவள் வேலை. இருபது வருடமாக இதுதான். வேறு கம்பெனிகள் கூப்பிட்டபோதெல்லாம் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அந்த அலுவலகம் நடத்தியது ஒரு ரத்தக் கொடையாளர் பதிவேடு. இருபத்து மூன்று மருத்துவமனைகள் அதில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஒன்றாக என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு, என்ன ஆனாலும் மாற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. ஒன்றிடம் முதல் பத்துப் பேரைக் கேட்க வேண்டுமானால் பத்து என்பதைக் கேள்வியின் தலையில் வைக்க வேண்டும். இன்னொன்றுக்கு வாலில். ஒன்று தேதியை வருடத்திலிருந்து தொடங்கும், மற்றது நாளிலிருந்து. 'ஆம்' என்பதை ஒன்று ஆம் என்றே எழுதிவைக்கும். இன்னொன்று 1 என்று போட்டுவிட்டு, புரிந்தால் புரிந்துகொள் என்று இருக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் ஒரு நிரல் அடுக்கை எழுதினாள். திரையில் கேட்கிறவர் எப்போதும் ஒரே மாதிரி கேட்பார். அடுக்கு அந்தக் கேள்வியை வாங்கி, எந்தத் தரவுத்தளத்துக்குப் போகிறதோ அதன் பாஷையில் மாற்றிக் கேட்கும்; வருகிற பதிலைத் திரும்ப ஒரே மாதிரி ஆக்கிக் கொடுக்கும். புதிய வகைத் தரவுத்தளம் ஒன்று வந்தால் அதற்கென்று ஓர் இணைப்பியை மட்டும் எழுதிச் செருகினால் போதும், மற்ற எதையும் தொட வேண்டாம். எந்த இணைப்பி என்று சொல்வதற்கு அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. தனக்குப் பதில் சொல்வது யார் என்று கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. அதில்தான் அவளுக்குப் பெருமை.

வீட்டிலும் அவளுக்கு இதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. மாமியாரும் நாத்தனாரும் ஏதோ மனத்தாங்கலில் ஆறு வருடமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும், எனக்கென்ன?" என்பார் மாமியார். போனில் அது "அத்தை உங்களை ரொம்பத் தேடுறாங்க அண்ணி" என்று போய்ச் சேரும். "அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்பார் நாத்தனார். அது "அண்ணிக்கு வேலை அதிகமாம் அத்தை, அடுத்த மாசம் பார்க்கலாம்னாங்க" என்று வந்து சேரும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பார்.

"நீ சொல்றதுல அவங்க சொன்னது எவ்வளவு, உன் சொந்தச் சரக்கு எவ்வளவு?"

"யாரும் அழலைல்ல? அப்புறம் என்ன?" என்பாள்.

பூசி மெழுகுவதும் ஒரு தொழில்தான். அதை அவள் சுத்தமாகச் செய்தாள்.

பதினொரு நாளுக்கு முன் மையப் பதிவேடு புதிய தரவுத்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. பழையது வயதாகிவிட்டது, அதைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. புதியதற்கு அவள் இணைப்பி எழுதினாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எழுநூறு கேள்விகள் கேட்டுப் பார்த்தாள். எழுநூற்றுக்கும் ஒரே பதில். ஆனால் சோதனைக்கு வைத்திருந்தது நாற்பது கற்பனை ஆட்களை. உண்மையான கொடையாளர்களின் விவரத்தை நிரல் எழுதுகிறவர்கள் பார்க்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அதனால் பெயர், வயது, ரத்த வகை எல்லாவற்றையும் அவளே ஒரு மத்தியானம் உட்கார்ந்து அடித்தாள், ஒரு பிசகு இல்லாமல். நிஜ விவரங்களை இடம் மாற்றியவர் கிடங்குக்காரர். இந்தப் பக்கம் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர், அந்தப் பக்கமும் அதே எண். மேலாளர் எல்லோருக்கும் நன்றிக் கடிதம் அனுப்பினார்.

அன்று காலை பத்தே முக்கால் இருக்கும். பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து டெக்னீஷியன் அக்கா போன் செய்தார். முகம் பார்த்ததில்லை, பத்து வருடப் பழக்கம், எல்லாம் போனில்தான்.

"துபாஷிம்மா, உங்க பட்டியல் ஆர் ஏழுக்கு யாருமே இல்லைன்னு சொல்லுது."

ஆர் ஏழு என்பது பதிவேட்டில் ஒரு குறியீடு. ஓர் எழுத்து, ஓர் எண், அவ்வளவுதான். பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ரத்த வகை அது. அந்த வகைக்காரருக்கு வேறு யார் ரத்தமும் சேராது.

"அபூர்வ வகைதானே அக்கா, இல்லாம இருக்கலாம்."

"இருக்காங்கம்மா! நாலு வருஷம் முன்னாடி இதே வகை கேட்டப்போ ஆறு பேர் வந்துச்சு. நான்தான் உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். ஆறு பேரும் எங்க போனாங்க?"

"இப்ப யாருக்கு வேணும்?"

"புள்ள பெத்த பொண்ணு ஒருத்தி. விடியக்காலைல குழந்தை பொறந்துச்சு, ரத்தப்போக்கு நிக்கல. ஆபரேஷன் பண்ணியாகணும். கைல ரத்தம் இல்லாம எப்படித் தொடுறதுன்னு டாக்டருங்க நிக்கிறாங்க. மத்தியானம் ரெண்டு மணியைத் தாண்டினா கஷ்டம்னு சொல்லிட்டாங்க." அக்காவின் குரல் தாழ்ந்தது. "அவ வீட்டுக்காரர் என் கவுன்ட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். நான் என்னன்னு சொல்லட்டும்?"

"லைன்லயே இருங்க அக்கா" என்று சொல்லி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் தன் அடுக்கைத்தான் சந்தேகப்பட்டாள். கேள்வி உள்ளே வந்ததும், மொழிமாறியதும், வெளியே போனதும் அப்படியே பதிவாகியிருந்தன. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. தன் நாற்பது கற்பனை ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்டாள். ஆர் ஏழுக்கு இரண்டு பேர் என்று பதில் வந்தது. சரியான பதில்தான், அந்த இருவரை அவளே உண்டாக்கியிருந்தாள்.

"நீங்க நேரா கேட்டுப் பாருங்க" என்றாள் கிடங்குக்காரரிடம். நிஜ விவரங்களைத் தொடும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. அவர் இடையில் எந்த அடுக்கும் இல்லாமல், புதிய தரவுத்தளத்திடம் அதன் பாஷையிலேயே கேட்டார். ஆர் ஏழு. எத்தனை பேர்?

பூஜ்யம்.

அவளுக்குத் தன் அடுக்கு பொய் சொல்லவில்லை என்று ஒரு நொடி ஆறுதலாக இருந்ததற்கே தன்மேல் கோபம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இதனால் என்ன லாபம்?

சத்தம் கேட்டு மேலாளர் அறையை விட்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்றாலும், அவசரத்தில் இரண்டும் ஒரே மாதிரி வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

"டேட்டாபேஸே இல்லைன்னு சொல்லுது. அப்புறம் என்ன? கொடையாளருங்க பேரை எடுத்திருப்பாங்க. வயசாகியிருக்கும்."

"ஆறு பேருமா சார்?"

"அந்தம்மா ஞாபகத்துல சொல்றாங்க. நாலு வருஷம் ஆச்சு. எண்ணிக்கை ரெண்டு பக்கமும் டேலி ஆச்சுல்ல?"

போனுக்குள்ளிருந்து அக்கா கத்தினார். "எனக்கு ஞாபகம் பிசகாது சார்! அதுல ஒருத்தர் தையல்கடை வெச்சிருக்கார், ஒருத்தங்க டிரைவிங் ஸ்கூல் நடத்துறாங்க. முகம்கூடக் கண்ணு முன்னாடி நிக்குது. பேருதான் வரமாட்டேங்குது!"

ஒரு பக்கம் நாற்பத்தோராயிரம் பேரை எண்ணிவைத்த இயந்திரம், இன்னொரு பக்கம் ஓர் அக்காவின் ஞாபகம். இருபது வருடப் படிப்பும் பழக்கமும் இயந்திரத்தைத்தான் நம்பச் சொன்னன. அவள் அக்காவை நம்பினாள். ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

"பழைய சர்வரை ஆன் பண்ணணும்" என்றாள்.

பழைய சர்வர் அழிக்கப்படவில்லை, அணைக்கப்பட்டு அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அதை மூடியதற்கு மேலிடத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திறக்கவும் மூன்று பேர் போட வேண்டும். மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். அந்த மூவரில் ஒருவர் விமானத்தில் இருப்பதாகச் சொன்னார். மணி பதினொன்று இருபது.

"சார், ஒன்னுமே இல்லாம போனா நான் செஞ்சேன்னு எழுதிக்குங்க. என் வேலை போகட்டும்."

"உங்க வேலைய எடுத்து நான் என்னம்மா பண்ணப் போறேன்?" என்றார் அவர் எரிச்சலாக. அப்புறம் கிடங்குக்காரரைப் பார்த்து, வாயால் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். நாளைக்கு யாராவது கேட்டால் வாயால் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

சர்வர் அறையில் குளிர் எலும்பைக் குத்தும். கிடங்குக்காரர் தரையில் மண்டியிட்டுக் கம்பியைச் செருகினார். விசிறிகள் இரைந்தன. திரையில் எழுத்துகள் ஓடி, ஓர் இடத்தில் நின்றன. பதினொரு நாள் அணைந்து கிடந்ததால் வட்டுகளைச் சரிபார்க்கிறேன், நூற்றில் இரண்டு முடிந்தது என்றது.

"தவிர்க்க முடியாதா?"

"தவிர்த்தா விவரம் கெட்டுப் போனாலும் போகும். அப்புறம் இதுவும் இல்லை."

நூற்றில் ஒன்பது. பதினான்கு. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார நாற்காலி இல்லாமல் இல்லை; யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. கையிலிருந்த போனில் ரத்த வங்கியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தள்ளுவண்டி போகும் சத்தம், கதவு அடிக்கும் சத்தம், நடுவில் ஓர் ஆண் குரல். "என்னாச்சு மேடம்? கிடைச்சிருச்சா?" "பார்த்துக்கிட்டிருக்காங்க தம்பி." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "கிடைச்சிருச்சா?" நூற்றில் நாற்பத்தொன்று. அந்தக் குரலுக்கு ஏதாவது இதமாகச் சொல்லலாம் என்று துபாஷிக்குத் தோன்றியது. அவள் வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும். அன்று ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு ஐந்துக்குப் பழைய தரவுத்தளம் எழுந்தது. அவள் தன் மேசைக்கு ஓடி, அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த ஒரே ஒரு வரியை மாற்றினாள். புதிய இணைப்பியின் பெயர் இருந்த இடத்தில் பழையதன் பெயர். இருபத்து மூன்று மருத்துவமனைகளின் திரைகளும் அந்த நொடியே பழையதோடு பேசத் தொடங்கின. எங்கும் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

"அக்கா, இப்ப கேளுங்க."

போனில் விசைகள் தட்டும் சத்தம். பிறகு அக்கா அழுதார். "ஆறு பேரும்மா. ஆறு பேரும் இருக்காங்க. தையல்கடைக்காரர் இருக்கார்."

அடுத்த முக்கால் மணி நேரம் அக்கா இன்னொரு போனில் ஆறு பேரைத் தேடினார். ஓர் எண் இப்போது வேறு யாருடையதோ. ஒருவர் வெளிநாட்டில். ஒருவருக்கு வயது தாண்டிவிட்டது. நான் வரட்டுமா, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சண்டை போட்டார். நான்காவது எண் எடுக்கவே இல்லை. தையல்கடைக்காரர் எடுத்தார். டிரைவிங் ஸ்கூல் அம்மா, கற்றுக்கொள்ள வந்தவரை வண்டியோட்ட விடாமல் தானே ஓட்டிக்கொண்டு, அதே பயிற்சி வண்டியில் வருவதாகச் சொன்னார்.

அவர்கள் வரும்வரை துபாஷி சும்மா இருக்கவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு தரவுத்தளங்களும் வேறு வேறு பதில் சொல்கின்றன; இருப்பதோ ஒரே விவரம். பெயரையோ முகவரியையோ பார்க்காமல், அந்த ஆறு பேரின் ரத்தவகைக் குறியீட்டில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லும்படி கிடங்குக்காரரிடம் கேட்டாள்.

"நாலு" என்றார்.

"ரெண்டுதானே இருக்கணும்?"

"நாலுன்னு வருதும்மா. ஆர், ஏழு. அப்புறம் ஒன்னும் இல்லை. அப்புறம் ஒன்னும் இல்லை." அவரே சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போனில் அக்காவைக் கேட்டதும் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். "ஆமாம்மா, அந்தக் காலத்து ஸ்கிரீன்ல வகை போடுற பெட்டி நாலு எழுத்துக்கு இருக்கும். நிறையாட்டி அடுத்த பெட்டிக்குப் போகாது. அதனால ஆர் ஏழு போட்டுட்டு ஸ்பேஸ் ரெண்டு தட்டுவோம். எங்களுக்குக் கை தானாப் போகும். அது தப்பா?"

தப்பில்லை. யாரும் தப்புச் செய்யவில்லை என்பதுதான் கொடுமை. வாலில் தொங்கும் காலி இடங்களைப் பழைய தரவுத்தளம் பொருட்படுத்தாது. பெருந்தன்மையாகத் தட்டிவிட்டு ஒப்பிடும். புதியது கறார். அதற்கு இரண்டெழுத்து ஆர் ஏழும் நான்கெழுத்து ஆர் ஏழும் வேறு வேறு. சாதாரண வகையைத் தேடியபோது, சமீபத்தில் புதிய திரையில் பதிந்தவர்கள் நாலாயிரம் பேர் வந்து நின்றார்கள். இன்னும் ஏழாயிரம் பேர் வரவில்லை என்று யார் கண்டது? அபூர்வ வகைக்காரர்கள் எல்லோரும் பழைய திரையில் பதிந்தவர்கள். அவர்கள் மொத்தமாக மறைந்துபோனார்கள். அவள் மட்டும் ஒருமுறை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் ஆளைப் பதிவதைப் பார்த்திருந்தால் போதும். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள். தன் நாற்பது ஆட்களை ஸ்பேஸ் இல்லாமல் சுத்தமாக அடித்த அந்த மத்தியானத்தை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஒன்றேகாலுக்கு இருவரும் வந்துவிட்டார்கள். ஒன்றே முக்காலுக்கு ரத்தம் உள்ளே போனது. மூன்றரைக்கு அக்கா கூப்பிட்டு, "பொழச்சுக்கிட்டா" என்றார். கிடங்குக்காரர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்குள் அவள் புதிய இணைப்பியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் வாலை நறுக்கு. மறுபடி புதியதற்கு மாற்றி, அடுக்கு வழியாக ஆர் ஏழைக் கேட்கும்படி கிடங்குக்காரரிடம் சொன்னாள். ஆறு. மேலாளர் அறிக்கையை எழுதிக் கொண்டுவந்து காட்டினார். 'சிறு முரண்பாடு ஒன்று கண்டறியப்பட்டு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது.' அந்த வாக்கியத்தை அவளே எழுதியிருக்கலாம். அத்தனை வழவழப்பு.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள்.

அவள் அடுக்கு ஒவ்வொரு கேள்வியையும், அதற்கு எத்தனை பேர் பதிலாக வந்தார்கள் என்பதையும் எழுதிவைக்கும். பதினொரு நாளில் பூஜ்யம் என்று பதில் போன கேள்விகளை மட்டும் எடுத்தாள். ஐந்து. இரண்டு இன்று காலை அக்கா கேட்டவை. இரண்டு யாரோ குறியீட்டைத் தவறாக அடித்தவை. அடுத்த நிமிடமே திருத்திக் கேட்டிருந்தார்கள். ஐந்தாவது, ஒன்பது நாளுக்கு முன், தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து. ஆர் மூன்று. ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். திரும்பக் கேட்கவில்லை, போன் செய்யவில்லை, கத்தவில்லை. பதிலை நம்பியிருக்கிறார்கள்.

அதே கேள்வியை இப்போது கேட்கும்படி கிடங்குக்காரரிடம் சொன்னாள். மூன்று பேர், அதில் ஒருவர் அந்த மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே.

"இப்ப வேணாம்" என்றார் மேலாளர் பின்னாலிருந்து. "முதல்ல மேல பேசிட்டு..."

அவள் எண்ணை அழுத்திவிட்டாள். அந்தப் பக்கம் ஓர் ஆள் எடுத்தார். தேதியையும் வகையையும் சொன்னாள். தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஆமா, ஒரு பெரியவர். லாரி மோதி வந்தவர். பட்டியல்ல யாரும் இல்லைன்னு வந்துச்சு. அவர் மக கூடவே இருந்தாங்க, திரையை அவங்களுக்கே திருப்பிக் காட்டினேன். இவ்வளவு பெரிய ஊருலயும் ஒருத்தர்கூட இல்லையான்னு கேட்டாங்க. சாயங்காலம் போய்ட்டார்." தாளை மூடும் சத்தம் கேட்டது. "எதுக்கு மேடம் கேக்குறீங்க?"

ஒரு சரிபார்ப்புக்காக. வழக்கமான ஆய்வு. புள்ளிவிவரம். சொற்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. யாரும் அழாமல் போனை வைத்துவிடலாம். மேலாளர் கைகளைக் கூப்புகிற மாதிரி நின்றார்.

"மூணு பேர் இருந்தாங்க" என்றாள். "உங்க ஊர்லயே ஒருத்தர். நான் எழுதின புரோகிராம் யாருமே இல்லைன்னு தப்பாச் சொல்லிடுச்சு. அவங்க மகளோட நம்பர் வேணும். நானே சொல்றேன்."